நகர்ந்து வந்த எல்லைக்கொம்பு

நண்டு பக்கவாட்டில் நடப்பதற்குக் காரணம் அதன் கால் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதுதான் என்ற கருத்து மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாடப்புத்தகங்களில்கூட அச்சாகி, பிள்ளைகள் அதை எழுதி மதிப்பெண் வாங்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. மிகுந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மூட்டு அப்படி மடங்குவது உண்மைதான். ஆனால் அது விளைவு. அதைக் காரணம் என்று சொல்வது, குடை விரிந்ததால் மழை பெய்தது என்று சொல்வதற்குச் சமம். நேராக நடக்கும் நண்டுகளும் உலகில் சில உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு. கீழே வரும் சம்பவம் நடந்தபோது அவற்றின் முன்னோர் அந்தக் கரையில் இல்லை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், நம் தென்கரை இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. வெகுதூரம் கிழக்கே இருந்தது. இன்று விசைப்படகு போகும் இடத்தில் இரலை மான் மேய்ந்தது. அப்போது உலகத்தின் வடகோடியில் மலை மலையாகக் கிடந்த பனி உருகத் தொடங்கியிருந்தது. உருகிய தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே. கடலுக்கு வந்தது. கடல் கரைக்கு வந்தது. கரையில் வாழ்ந்தவர்களுக்குப் பனி என்றால் விடியற்காலையில் புல்லின் மேல் இருப்பது மட்டும்தான். அதனால் கடல் ஏன் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வருகிறது என்பது நன்றாகத் தெரியும்.

அந்தக் கரையில் முண்டகன் என்பவரின் கூட்டம் இருந்தது. தாழை ஓலையில் குடிசை கட்டி, சங்கும் மீனும் பொறுக்கி, மேற்கே போய் மான் அடித்து வாழ்ந்தார்கள். கடலோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்தில் குடியேறும் அன்று, கூட்டத்துத் தலைவர் ஒரு கழியின் உச்சியில் கடமான் கொம்பைக் கட்டி, குடிசைகளுக்கு வெகுதூரம் முன்னால், கடல் பக்கமாக நட்டுவைப்பார். அதற்கு எல்லைக்கொம்பு என்று பெயர். கடல் ஏறி வந்து கொம்பின் அடி நனைந்தால், அன்றைக்கே ஊர் கிளம்ப வேண்டும். நனையாதவரை, கிளம்பலாம் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். போகலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொள்ளாமல் இருக்கலாம். தலைவரைத் தவிர யாரும் கொம்பைத் தொடக் கூடாது என்பதும், அதன் பக்கத்தில் நிற்பவர் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தின் மற்ற பகுதிகள். கடல் பெரியது, மரியாதை கொடுத்தே பேச வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

முண்டகன் அந்தக் கொம்பை நடுக்கத்தோடுதான் பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது. கடைசியாக ஊர் கிளம்பியபோது தீயைச் சுமந்தவர் அவர். தணலைச் சாம்பலில் புதைத்து, மண் பூசிய பெரிய சங்கில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திப் போவது தலைவரின் வேலை. புது அடுப்பு போடும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. வழியில் ஒரு உப்பங்கழியைக் கடக்கும்போது அவருடைய மகள் சேற்றில் அமிழ்ந்தாள். கை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அவர் சங்கைக் கீழே வைக்கவில்லை. அதன் பிறகு அவரிடம் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கொம்புக்குக் காவலாக அலவன் என்ற நண்டை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து நண்டுகள் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். பிறகு ஏன் சிறுத்தன என்பது வேறு கதை. அலவன் நெஞ்சை நிமிர்த்தி நேராக நடப்பான். கண்கள் உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல் முகத்திலேயே பதிந்திருக்கும். மீன் தலைகள் அவனுக்குக் கூலி. ஆனால் அவன் கூலிக்காக மட்டும் அங்கே இருக்கவில்லை. சாயங்காலம் ஆனால் பெண்கள் மீன் கழுவ வருவார்கள். யார் யாரோடு சண்டை, எவன் எறிந்த ஈட்டி எவன் காலில் விழுந்தது என்று பேச்சு ஓடும். அலவனும் நடுவில் உட்கார்ந்து வாய் கொடுப்பான். நண்டுகளுக்குள் அப்படியெல்லாம் பேச்சு கிடையாது.

குடியேறிய மறு வருடம், ஒரு பௌர்ணமிக் கடலேற்றத்தில், நுரை கொம்புக்கு மிக அருகில் வந்து திரும்பியது. அலவன் அதைப் பார்த்தான். அடுத்த அலை அடியைத் தொட்டுவிடும். தொட்டால் ஊர் மேற்கே போய்விடும். ஈர மணல் இல்லாத இடத்தில் அவனால் ஒரு பகல்கூட இருக்க முடியாது. அவன் கொம்பைப் பிடுங்கி, ஒரு நண்டு அகலம் மேலே இழுத்து, மறுபடியும் நட்டான்.

ஒரு நண்டு அகலத்துக்காக ஒரு ஊர் முழுவதும் நடையைக் கட்ட வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் சொல்ல அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை.

அடுத்த ஏற்றத்தில் இன்னொரு நண்டு அகலம். கடல் அவசரப்படவில்லை, அலவனும் அவசரப்படவில்லை. ஆனால் இந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கடலைப் பார்த்து நின்று இழுத்தால், பின்னாலிருந்து ஊர்க்காரர்கள் வந்துவிடலாம். ஊரைப் பார்த்து நின்றால், பின்னாலிருந்து அலை வந்துவிடலாம். அதனால் அவன் இரண்டுக்கும் குறுக்காக நின்றுகொண்டான். ஒரு கண்ணைக் கடலின் மேலும், மற்றொரு கண்ணை ஊரின் மேலும் வைத்து, கால்களைக் குறுக்கே போட்டு இழுத்தான். கண்கள் வலித்தன. கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு வருவதுபோலவும் இருந்தது.

கொம்பு நகர்வதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கும் பொருளை யாரும் பார்ப்பதில்லை. முண்டகன் மட்டும் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் வந்து, கடலைப் பார்த்து வணங்கி, குனிந்து அடியைத் தொட்டுப் பார்ப்பார். உலர்ந்திருக்கும். பெருமூச்சு விடுவார். அவருக்கு முன்னால் கொம்பும் கடலும் தெரியும். முதுகுக்குப் பின்னால் குடிசைகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.

முதலில் கவனித்தவள் ஞாழல். முண்டகனின் மருமகள், நிறைமாதக் கர்ப்பிணி. அவள் கணவன் உகாயன் மற்ற ஆண்களோடு மேற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டுப் பக்கம் வேட்டைக்குப் போயிருந்தான். ஊருக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குழியில் தண்ணீர் மொண்டு வந்தவள், சிரட்டையை மாமனாரிடம் நீட்டினாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

முண்டகன் குடித்தார். முகம் மாறாமல் விழுங்கினார். "நல்லாத்தானே இருக்கு."

"அப்போ இன்னொரு மடக்கு குடிங்க."

அவர் குடிக்கவில்லை.

பக்கத்தில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த ஈங்கை என்பவள் சிரித்தாள். "வயித்துப்பிள்ளைக்காரிக்கு எல்லாம் உப்பாத்தான் இருக்கும். நான் என் மூத்தவனைச் சுமந்தப்போ தேன்கூட கசந்துச்சு. அவனும் அப்படித்தான் வளந்து நிக்கான்."

"ஊத்துக்கரை நாவல் மரம் நுனியில இருந்து கருகுதே, அதுவும் நிறைமாசமா?" என்றாள் ஞாழல். "ஊத்துக்குள்ள கடல் வந்திருச்சு மாமா. இன்னிக்கு என்னால நடக்க முடியும். வலி கண்ட பிறகு முடியாது. இப்பவே தேரிக்குப் போயிருவோம்."

"கொம்பு நனையலையே."

"ஊத்து நனைஞ்சிருச்சே!"

"ஊரைக் கிளப்ப ஊத்துக்கு யாரும் அதிகாரம் குடுக்கலை, தாயி. கொம்புக்குத்தான் குடுத்திருக்கு." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார். "வா. நீயே வந்து பாரு."

இருவரும் நடந்தார்கள். அலவன் கொடுக்கை உயர்த்தி வரவேற்றான்.

"ஏலே அலவா, கொம்பு என்ன சொல்லுது?"

"காய்ஞ்சு கிடக்கு பெரியவரே. அடியில எறும்பு போகுது பாருங்க."

முண்டகன் கடலைப் பார்த்து வணங்கிக் குனிந்தார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஞாழலும் கடலைப் பார்த்தபடியே நின்றாள். நின்றவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கொம்பு நட்ட அன்னிக்கும் நான் இங்கதான் நின்னேன். ஊர்ல இருந்து கத்திக் கூப்பிட்டாங்க, ஒண்ணும் கேக்கலை. இப்போ ஈங்கை அக்கா மீன் சுரண்டுற சத்தம் கேக்குதே."

"காத்து மாறியிருக்கும்" என்றான் அலவன்.

"ஆமா, காத்து மாறியிருக்கும்" என்றார் முண்டகன்.

ஞாழல் திரும்பினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரை நேராகப் பார்த்தாள். ஈங்கையின் கையில் இருந்த மீன் என்ன மீன் என்றுகூடத் தெரிந்தது.

"திரும்பு!" முண்டகன் கத்தினார். "கடலுக்கு முன்னால என்ன காரியம் பண்ணுத?"

"நீங்களும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க மாமா. ஒரே ஒரு தடவை."

அவர் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, கொம்பிலிருந்து விலகிய பிறகுதான் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு ஊருக்குப் போனார். அவருக்குக் கோபம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது சரியல்ல. அவருக்குப் பயம்.

ஞாழல் மணலில் உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை.

"நீதானே நகர்த்துற?"

"நானா? நான் காவக்காரன்."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

அலவன் பார்த்தான். ஒரு கண்தான் அவளைப் பார்த்தது. மற்றொன்று கடல் பக்கம் போயிருந்தது. அதை இழுத்து வர முயன்றான். வரவில்லை.

"நாளைக்கு அமாவாசை" என்றாள் ஞாழல். "வானம் வேற கறுத்து வருது. ஊர்ல இருக்கிறது பொம்பளைங்களும் பிள்ளைங்களும் முடியாதவங்களும். தண்ணி எவ்வளவு ஏறும்னு என்னைவிட உனக்குத் தெரியும்."

"நீங்க எல்லாரும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது?" என்று அலவனின் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஞாழல் மணலில் கையூன்றி எழுந்தாள். பிறகு, "நாளைக்கு அதைத் தொடாதே. நனையட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கலை" என்றாள்.

"தொடமாட்டேன்."

அலவன் பொய் சொன்னான் என்று இந்தக் கதையைச் சொல்பவர்களில் பலர் சொல்வார்கள். அவன் அதைச் சொன்ன நேரத்தில் முழுமனதோடுதான் சொன்னான்.

ஞாழல் அன்றே மாமனாரிடம் போய், அலவன் கொம்பை இழுக்கிறான் என்று சொன்னாள்.

"பாத்தியா?"

"பாக்கலை."

"கொம்பைத் தொட்டவன் உயிரோட இருக்க மாட்டான். அவன் உயிரோட இருக்கான். அப்போ தொடலை" என்றார் முண்டகன். ஆனால் அன்றே சங்கை எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, புதிதாக மண் பூசி வைத்தார்.

மறுநாள் உச்சிவேளையிலேயே இருட்டிவிட்டது. கீழைக்காற்று தாழை ஓலைகளைப் பிய்த்து எறிந்தது. ஞாழலுக்கு வலி கண்டது. பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு, கருவாட்டைத் தோல்பையில் திணித்து, புறப்படத் தயாராக நின்றார்கள். முண்டகன் தணலைச் சங்கில் எடுத்து, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அடுப்புக்கல்லின் பக்கத்தில் நின்றார். எல்லோருடைய கண்ணும் கொம்பின் மேல். அது நனைந்தால் போதும், ஓடிவிடலாம். நனையாமல் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றாள் ஞாழல், ஈங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"இரு. இரு. இந்த அலையில நனைஞ்சிரும்."

அலவன் கொடுக்குகளை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். ஒரு அலை பாதி தூரம் வந்து போனது. அடுத்தது இன்னும் மேலே வந்தது. அதற்கடுத்து வந்தது மற்ற அலைகளைப்போல் உடையவில்லை. தட்டையாக, சத்தம் இல்லாமல், மணலின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. நுரை கொம்பின் அடிக்கு நேராக வந்தது. முண்டகன் கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

அலவன் கொம்பைப் பிடுங்கி ஒரு நண்டு அகலம் இழுத்தான்.

அவன் இழுக்க நினைக்கவில்லை. அவனுடைய கொடுக்குகள் எத்தனையோ ஏற்றங்களில் செய்த வேலையைச் செய்தன. தண்ணீர் பின்னாலேயே வந்தது. மறுபடியும் இழுத்தான். மறுபடியும் வந்தது. நடுவதற்கு இப்போது நேரம் இல்லை. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லைக்கொம்பு மழையில் ஊரை நோக்கி நடந்து வந்தது. அதன் அடியில் ஒரு நண்டு, ஒரு கண்ணைக் கடலில் வைத்து, ஒரு கண்ணை ஊரில் வைத்து, குறுக்குவாட்டில் ஓடி வந்தது. மீன் உலர்த்தும் கழிகளைத் தாண்டியது. முதல் குடிசையைத் தாண்டியது. முண்டகனின் காலடியில் இருந்த அடுப்புக்கல்லில் முட்டி நின்றது.

"இன்னும் கடல் தொடலை பெரியவரே" என்றான் அலவன், மூச்சு வாங்க.

அது உண்மை. கடல் தண்ணீர் அதைத் தொடவில்லை. அதற்குள் தண்ணீர் ஊருக்குப் பின்னால், ஊற்றுக்குழி வழியாகப் பொங்கி, குடிசைகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

முண்டகன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"ஓடுங்க!"

மேற்கே தேரிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் இருந்தது. காலையில் அது உலர்ந்த பள்ளம். இப்போது இடுப்பளவு ஓடியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் வலி ஒரேயடியாக வெட்டி இழுக்க, ஞாழல் மடங்கி விழுந்தாள். அவளைத் தூக்க முயன்ற ஈங்கையின் கை வழுக்கியது. ஈங்கையை நீரோட்டம் சுழற்றி எடுத்துக்கொண்டு போனது.

"மாமா!"

முண்டகன் எட்டும் தூரத்தில்தான் இருந்தார். இரண்டு கையிலும் சங்கு. மழைத்துளி பட்டுத் தணல் சீறிக்கொண்டிருந்தது. இதே போன்ற தண்ணீரில் அவர் முன்பும் நின்றிருக்கிறார்.

சங்கை விட்டார். அது ஒரு முறை சீறிவிட்டு அணைந்தது. மருமகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

குழந்தை தேரியின் செம்மணலில், ஓலைக்கீற்றின் கீழே பிறந்தது. பெண் குழந்தை. குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. கத்த வெகுநேரம் ஆனது. உகாயனும் மற்ற ஆண்களும் கூக்குரல் கேட்டு, தாங்கள் வைத்திருந்த தீயோடு ஓடி வந்தார்கள். அது முன்னோரின் தீ அல்ல என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஈங்கையின் மூத்த மகன் மட்டும் பள்ளத்தின் கரையிலேயே நின்றான்.

மறுநாள் தண்ணீர் தேரியின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓரமாக அலவன் வந்தான். கண்கள் இரண்டும் முகத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு குச்சிகளின் மேல் நின்றன.

ஈங்கையின் மகன் கல்லை எடுத்தான். முண்டகன் அவன் கையைப் பிடித்தார்.

"அவன் எங்க அம்மாவைக் கொன்னவன்."

"நானும்தான்லே. அவன் இழுத்தான். நான் திரும்பிப் பாக்கலை. ரெண்டு கல் எடு." கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் கல்லைப் போட்டான். முண்டகன் கீழே பார்த்துக் கத்தினார். "ஏலே, நேரா வந்து நின்னு பேசு!"

அலவன் நேராக வர முயன்றான். கால்கள் அவனை இடப்பக்கம் கொண்டுபோயின. திரும்பி வர முயன்றான். வலப்பக்கம் கொண்டுபோயின. அப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான். மேலே இருந்த பிள்ளைகளில் ஒன்று சிரித்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

குழந்தையை மடியில் வைத்திருந்த ஞாழல்தான் பேசினாள்.

"அலவா, உனக்கு இனிமே கொம்பு கிடையாது. குழி தோண்டு. ஏத்தத்துத் தண்ணி எட்டுற கோட்டுக்குச் சரியா மேல. கொம்பை இழுக்கலாம். குழியை உன்னால இழுக்க முடியாது."

"தண்ணி வந்து குழியை மூடிட்டா?"

"மேல ஏறி வந்து இன்னொண்ணு தோண்டு. குழி எங்க இருக்குன்னு நாங்க பாத்துக்கிடுவோம். உன்கிட்ட கேக்க மாட்டோம்."

அலவன் அவளைப் பார்த்தான். இந்த முறை இரண்டு கண்ணும் அவளைப் பார்த்தன என்று சொல்பவர்கள் உண்டு. குச்சியின் மேல் இருக்கும் கண்ணை வைத்து அப்படி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அவன் குறுக்காக நடந்து கரைக்குப் போய், மணலை அள்ளி வெளியே எறியத் தொடங்கினான்.

கரை நண்டு கடலுக்கும் ஊருக்கும் குறுக்காக ஓடுவதும், அதன் கண்கள் குச்சியின் மேல் நிற்பதும், அலை மூடிய வளையை மறுபடியும் மறுபடியும் அது தோண்டுவதும் அன்று முதல்தான். கரையோரத்தில் குடிசை போடுகிறவர்கள், நண்டு வளைகளுக்கு எவ்வளவு தூரம் மேலே போடலாம் என்று பார்த்துவிட்டுப் போடுவதும் அன்று முதல்தான்.

அடுத்த மழைக்கு முன்னால் முண்டகனின் கூட்டம் தேரியை விட்டு இன்னும் மேற்கே போனது. அலவனுக்கு அது சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது.